நாணயத்தில் நின்ற மன்னன்
இராசராசன் ஆலயக் கணக்கும் நாம் கற்க வேண்டிய பாடமும்



'நாணயம்' என்ற சொல்லுக்கு நமது மொழியில் இரண்டு பொருள். ஒன்று, கையில் புழங்கும் காசு. மற்றையது, வாக்குத் தவறாமை, நேர்மை. 'அவர் நாணயமான மனுசன்' என்று ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் வேறில்லை. இந்த இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்திய மன்னன் ஒருவனைப் பற்றியே இம்மலரில் எழுத விரும்பினேன். அவன் தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டிய முதலாம் இராசராச சோழன்.

ஆயிரம் ஆண்டுக்கு ஆயிரம் ரூபா

இராசராசன் கி.பி. 985இல் அரியணை ஏறி 1014 வரை ஆண்டவன். அருண்மொழி என்பது இயற்பெயர். அவன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் திருப்பணி 1010ஆம் ஆண்டு நிறைவெய்தியது. அதிலிருந்து சரியாக ஆயிரம் ஆண்டுகள் கழிந்த 2010ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் தஞ்சாவூரில் பெருவிழா எடுக்கப்பட்டது. அதனை முன்னிட்டு இந்திய அரசாங்கம் தபால் முத்திரையும் நினைவு நாணயங்களும் வெளியிட்டது. அவற்றுள் ஒன்று 1000 ரூபா நாணயம். இந்தியாவில் 1000 ரூபா மதிப்புக் குறிக்கப்பட்டு வந்த முதல் நாணயம் அதுவே. நிறை 35 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, 20 பங்கு செம்பு. கோயிலின் விமானமும் மன்னனின் உருவமும் அந்த நினைவு வெளியீட்டில் இடம்பெற்றன.

பெரிய கோயில் பணத்தில் ஏறியது அதுவே முதல் தடவை அன்று. 1954ஆம் ஆண்டு இந்திய ரிசேர்வ் வங்கி வெளியிட்ட 1000 ரூபாத் தாளிலும் தஞ்சை விமானம் அச்சிடப்பட்டிருந்தது. அத்தாள் 1978இல் செல்லாதென அறிவிக்கப்பட்டது. தந்தையின் வழியில் மகனுக்கும் இப்பெருமை கிடைத்தது. இராசேந்திர சோழனின் நினைவாக 2025ஆம் ஆண்டு ஆடித் திருவாதிரை விழாவில், ஜூலை 27ஆம் திகதி, கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தியப் பிரதமர் நாணயம் வெளியிட்டார்.

நமது நாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. 1968இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் பொருட்டு வெளிவந்த 2 ரூபா நாணயத்தில், குளங்கள் பல கட்டிய மகா பராக்கிரமபாகு மன்னனின் உருவம் பொறிக்கப்பட்டது. எனது வயதுடையவர்கள் அதனைக் கையில் வைத்திருந்திருப்பார்கள்.

முகம் தெரியாத மன்னன்

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இராசராசன் முகம் எப்படி இருந்தது என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சோழர் கால ஓவியத்தில், கருவூர்த் தேவர் அருகே நிற்பவர் இராசராசனே என்று பலர் கூறுவர், மறுப்பாரும் உளர். பராக்கிரமபாகுவின் நிலையும் இதுவே. பொலன்னறுவையில் பொத்குல் விகாரைக்கு அருகே உள்ள கற்சிலையை அம்மன்னன் என்று மக்கள் கொள்வர். அது முனிவர் ஒருவரின் உருவம் என்று சொல்லும் அறிஞரும் இருக்கின்றனர்.

அதைவிட வியப்பு, இராசராசன் பெயரே ஒரு காலத்தில் மறந்து போயிருந்தமை. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சைக் கோயிலைக் கட்டியவர் யார் என்று கேட்டால் கிருமிகண்ட சோழன் என்றும் காடுவெட்டிச் சோழன் என்றும் கதைகள் சொல்லப்பட்டன. நாள்தோறும் கோயிலுக்குள் சென்று வந்தவர்களும் சுவரில் இருந்ததைப் படிக்கவில்லை. பழைய எழுத்து அவர்களுக்குப் புரியவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் அரசாங்கக் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞரும் அவருக்குத் துணைநின்ற நம்மவரான வெங்கையா போன்றோரும் அக்கல்வெட்டுகளை முறையாகப் படித்து அச்சேற்றினர். அதன் பின்னரே கட்டியவன் இராசராசன் என்பது ஐயமின்றி நிலைபெற்றது.

ஆகவே இன்று நாணயத்தில் அம்மன்னன் நிற்கிறான் என்றால், அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது அவன் எழுதி வைத்த கணக்கு. முகம் அழிந்தது, பெயர் மறைந்தது, கணக்கு மட்டும் கல்லில் இருந்தது. அதுவே மற்ற இரண்டையும் மீட்டுத் தந்தது.

கல்லில் எழுதிய பேரேடு

அடியேன் அரசாங்க இலிகிதனாக வாழ்நாளின் பெரும்பகுதியைப் பேரேடுகளோடு கழித்தவன். அக்கண்கொண்டு பார்க்கும்போது தஞ்சைக் கல்வெட்டுகள் எனக்குப் பெரும் வியப்பைத் தருகின்றன.

தனது 26ஆவது ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் மன்னன் வாய்மொழியாக ஓர் ஆணையிட்டான். தான் கொடுத்தவை, தன் தமக்கையார் குந்தவை கொடுத்தவை, தன் தேவிமார் கொடுத்தவை, ஏனையோர் கொடுத்தவை ஆகிய யாவற்றையும் விமானத்திலே கல்லில் வெட்டுக என்பதே அந்த ஆணை. ஏனையோர் என்று அவன் சேர்த்துக்கொண்டதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பெருங்கொடையாளன் பெயர் மட்டும் போதும் என்று அவன் நினைக்கவில்லை.

அக்கணக்கு எழுதப்பட்ட முறையைச் சற்றுப் பார்ப்போம்.

நிறுத்து எழுதினார்கள். பொன் நிறுப்பதற்கு 'ஆடவல்லான்' என்னும் கல்லும், மணிகள் பதித்த நகைகளை நிறுப்பதற்கு 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லும் இருந்தன. இரண்டுமே இறைவனின் பெயர்கள். நிறையில் பொய் சொன்னால் சுவாமியின் பெயரிலேயே பொய் சொன்னதாகும். விமானத்தின் உச்சிக்கு மன்னன் கொடுத்த செப்புக் குடம் 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொற்றகடு 2926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

குறையையும் எழுதினார்கள். நகையில் பதித்த முத்து, மாணிக்கம், வைரம் ஆகியவற்றை எண்ணி, பழுதுள்ளவற்றைப் பழுதுள்ளவை என்றே குறித்தனர். அரக்கையும் கணக்கில் காட்டினர். பிற்காலத்தில் ஒருவர் நல்ல கல்லை எடுத்துவிட்டுப் பழுதான கல்லை வைத்தால் கண்டுபிடிக்க இதுவே வழி.

பணம் வந்த வழியையும் எழுதினார்கள். சேரனையும் பாண்டியரையும் போரில் வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து கொடுக்கப்பட்டவை எவை என்று மறைக்காமல் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆட்களைப் பெயர் சொல்லி எழுதினார்கள். கோயிற் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்த வீதியில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை உண்டு. ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு பங்கு. பங்கொன்றுக்கு 100 கலம் நெல். திருப்பதியம் பாட 48 பேரும் மத்தளம் முதலியன வாசிக்க இருவருமாக 50 பேருக்கு, நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று குறுணி நெல். ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவ்விடத்திற்கு யார் வரவேண்டும் என்ற விதியும் எழுதப்பட்டுள்ளது. கோயிலை அமைத்த பெருந்தச்சனான குஞ்சரமல்லன் பெயரும் அங்கே உண்டு. நாவிதர் பெயரும் உண்டு.

விளக்குக்கும் கணக்கு உண்டு. ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள். அவற்றைப் பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொடுக்க வேண்டும். ஆடு செத்தாலும் குட்டிகளால் மந்தை நிரம்பும், விளக்கு அணையாது.

பண்டாரத்தைக் காப்போரை எப்படித் தெரிந்தார்கள் என்பது இன்னும் சுவையானது. பிரமதேய ஊர்களிலிருந்து பொருளாளர்களை அனுப்பும்படி பணித்தபோது, பொருளோ நிலமோ உறவோ உடையவர்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இட்டார்கள். கோயிற் பணத்தில் குறை வந்தால் பதில் சொல்ல ஆளும் ஆதாரமும் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து என்று கொள்ளலாம்.

நமது தீவில் இராசராசன்

இலங்கைத் தமிழராகிய நாம் இம்மன்னனைப் பேசும்போது பெருமையோடு நிற்பது எளிது. ஆனால் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத ஏடு கணக்காகாது. ஆகவே இரண்டையும் எழுதுவோம்.

இராசராசனின் படை கி.பி. 993 அளவில் இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றியது. பல நூற்றாண்டுகள் தலைநகராயிருந்த அநுராதபுரம் அத்தோடு தன் நிலையை இழந்தது. பொலன்னறுவை சனநாதமங்கலம் எனப் பெயர் பெற்றுச் சோழரின் ஆட்சி நகராயிற்று. பின்னர் 1017இல் இராசேந்திரனின் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் என்னும் அரசன் சிறைப்பிடிக்கப்பட்டான். அவன் சோழ நாட்டிலேயே 1029இல் இறந்தான். அக்காலத்தில் விகாரைகள் கொள்ளையிடப்பட்டதைச் சூளவம்சம் துயரத்தோடு கூறுகின்றது. ஏறத்தாழ 1070இல் முதலாம் விஜயபாகு சோழர் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தான். நாம் வெற்றி என்று படிப்பதை நமது அயலவரான சிங்கள மக்கள் இழப்பு என்று படித்து வளர்ந்திருக்கிறார்கள். ஹெவ்லொக் டவுனில் ஒரே ஒழுங்கையில் அவர்களோடு வாழும் எனக்கு இது நன்றாகப் புரியும். கோயில் கொள்ளை போவது எத்தகைய வேதனை என்பதை நாமும் அனுபவித்தவர்களே.

வரவுப் பக்கத்திலும் பெரியவை இருக்கின்றன. பொலன்னறுவையில் இன்றும் கல்லாலே நிற்கும் வானவன் மாதேவி ஈஸ்வரம், இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமான அரசியின் பெயரால் அமைந்தது. மாதோட்டத்திலே தாழி குமரன் என்னும் சோழ நாட்டுக் கிழவன் இராசராச ஈஸ்வரம் என்னும் கோயிலைக் கட்டினான். அதன் விளக்குக்கும் விழாவுக்கும் வேண்டிய நிலத்தையும், வாணிகரிடம் வைத்த காசுக்கு வரும் வட்டியையும் கல்லில் எழுதி வைத்தான். தஞ்சைக் கோயிலுக்கு ஈழமண்டலத்து ஊர்களிலிருந்தும் வருவாய் செல்ல ஏற்பாடு இருந்தது.

திருகோணமலைப் பகுதியிலுள்ள வெல்கம் விகாரை ஒரு பௌத்தப் பள்ளி. அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயர் வழங்கியது. அங்கே தமிழ்ப் பௌத்தர்கள் விளக்கெரிக்கப் பசுக்களும் பிறவும் கொடுத்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. நாகபட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை மானியமாகக் கொடுத்தவனும் இதே இராசராசனே. சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்டவன் புத்தர் பள்ளிக்கும் ஊர் கொடுத்தான்.

ஒரே காசு, பல மன்னர்

மன்னன் தானே வெளியிட்ட காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. இக்காசு தமிழ்நாட்டைப் போலவே இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. இந்த நிற்கும் மனித உருவம், இலங்கையில் முன்பே வழங்கிய கஹவணு என்னும் பொற்காசின் அமைப்பை ஒத்தது என்று நாணயவியலார் கருதுவர்.

சோழர் போன பின் நடந்ததுதான் சிந்திக்க வேண்டியது. பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகு, லீலாவதி அரசி முதலிய சிங்கள மன்னர்கள் அதே அமைப்பில், அதே நாகரி எழுத்தில், தங்கள் பெயரை மட்டும் மாற்றிக் காசு அடித்தார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசிலும் ஒரு பக்கம் அதே நிற்கும் உருவம் இருக்கிறது. மறுபக்கத்தில் நந்தியும் 'சேது' என்னும் தமிழ் எழுத்தும். அரசர்கள் தங்களுக்குள் போரிட்டார்கள். சந்தையில் நெல் விற்றவனும் உப்பு வாங்கியவனும் அந்தக் காசை மொழி பார்க்காமல் கைமாற்றிக்கொண்டார்கள். காசு செல்வது நம்பிக்கையினாலே. அந்த நம்பிக்கைக்குப் பெயரும் நாணயமே.

எழுதியதனால் திரும்பி வந்த மூர்த்தங்கள்

எழுதி வைப்பதால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஓர் அண்மைக்கால உதாரணம். தஞ்சைக் கோயிலின் நிர்வாகியாயிருந்த ஆதித்தன் சூரியன் என்பவர், இராசராசனுக்கும் தேவி உலகமாதேவிக்கும் செப்புப் படிமம் செய்து வைத்ததை அவற்றின் உயர அளவுகளோடு கல்வெட்டில் பதிந்திருந்தார். அப்படிமங்கள் கோயிலிலிருந்து காணாமற் போயின. அவைதாம் எனக் கருதப்படும் இரு படிமங்கள் அகமதாபாத்திலுள்ள அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து 2018ஆம் ஆண்டு தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டன. ஆயிரம் ஆண்டுக்கு முன் முழமும் விரலுமாக எழுதிய அளவு, பொலிசாரின் விசாரணைக்கு ஆதாரமாக நின்றது.

இனி எமது ஊருக்கு வருவோம். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இடப்பெயர்வின்போது எமது ஆலயத்தின் பேரேடுகளும் உபயகாரர் பட்டியலும் இருந்த பெட்டி அழிந்து போனதை மூத்தோர் அறிவர். மீண்டும் வந்து பார்த்தபோது எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்து உபயம், எந்த வயல் எவர் எழுதிக் கொடுத்தது என்பதெல்லாம் வயதானவர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருந்தன. ஞாபகங்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அதனால் வந்த மனத்தாங்கல்கள் சில இன்றும் தீரவில்லை. ஆனால் இரண்டு குத்துவிளக்குகள் மட்டும் எவ்விதச் சர்ச்சையுமின்றித் திரும்பி வந்தன. அவற்றின் அடித்தட்டில் ஊர்ப் பெயரும் உபயகாரர் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தமையால், வேறோர் ஊரவர் அவற்றைக் கண்டு நேர்மையோடு கொண்டுவந்து தந்தார்கள். கொடுத்தவர் ஏழைப் பெண்மணி. பாய் இழைத்துச் சேர்த்த காசில் வாங்கியவை. அவர் பெயரை இன்று நாம் அறிவது அந்த எழுத்தினாலேயே.

நாம் செய்யக்கூடியவை

'சிவன் சொத்து குல நாசம்' என்று பெரியவர்கள் சொன்னது பயமுறுத்த மட்டுமன்று. கணக்கில்லாத இடத்தில் நல்லவன் மீதும் பழி வரும். பழி வந்த இடத்தில் ஊர் இரண்டாகும். கணக்கு என்பது தர்மகர்த்தாமாரைச் சந்தேகிப்பதற்கன்று, அவர்களைக் காப்பதற்கே. ஆகவே தர்மகர்த்தா சபையினருக்கும் அடியார்களுக்கும் சில வேண்டுகோள்கள்:

1. நூறு ரூபாவாயினும் பற்றுச்சீட்டு எழுதப்பட வேண்டும். பற்றுச்சீட்டு வேண்டாம் என்று சொல்லும் அடியாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

2. சுவாமி நகைகளையும் விக்கிரகங்களையும் வெள்ளி, பித்தளைப் பாத்திரங்களையும் ஆண்டுக்கொருமுறை மகோற்சவத்துக்கு முன் நிறுத்து, அளந்து, படமெடுத்து, மூவர் கையொப்பத்துடன் பதிய வேண்டும். பழுதையும் பழுதென்றே எழுத வேண்டும்.

3. அப்பதிவின் பிரதி ஒன்று ஆலயத்திலும், ஒன்று கொழும்பிலும், ஒன்று வெளிநாட்டிலுள்ள அடியார் ஒருவரிடமும் இருக்க வேண்டும். ஒரே பெட்டியில் யாவற்றையும் வைத்து நாம் பட்டது போதும்.

4. ஆண்டுக் கணக்கறிக்கை, கணக்காய்வுக்குப் பின் ஆலய மண்டபச் சுவரில் எவரும் படிக்கக்கூடியதாக ஒட்டப்பட வேண்டும். இராசராசன் தன் கணக்கைச் சுவரிலேயே எழுதினான் என்பதை மறவாதீர்கள்.

5. உபயகாரர் கல்வெட்டில் பெருந்தொகை கொடுத்தவர் பெயரோடு, பூக்கட்டியவர், மடைப்பள்ளியில் நின்றவர், வீதி கூட்டியவர் பெயர்களும் இடம்பெற வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. விடுமுறையில் கொழும்புக்கு வந்தால் தேசிய நூதனசாலைக்குச் செல்லுங்கள். பொலன்னறுவையில் அகழ்ந்தெடுத்த நடராசர், சுந்தரமூர்த்தி நாயனார், காரைக்காலம்மையார் செப்புத் திருமேனிகள் அங்கே உள்ளன. அவற்றைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று வணங்கிவிட்டு, யார் செய்தார், யார் கொடுத்தார் என்று உங்களை நீங்களே கேளுங்கள். பல மூர்த்தங்களுக்கு அந்த விடை இல்லை. எமது பிள்ளையாரின் பொருட்களுக்கு அந்த விடை இருக்க வேண்டும்; அதனை எழுத வேண்டியவர்கள் நாங்கள், காக்க வேண்டியவர்கள் நீங்கள்.

நம்மில் எவருடைய உருவமும் நாணயத்தில் வரப்போவதில்லை. ஆனால் எமது ஆலயக் கணக்கை நூறு ஆண்டுக்குப் பின் ஒருவர் திறந்து பார்த்து, 'இவர்கள் நாணயமானவர்கள்' என்று சொன்னால் அதுவே போதும். அதற்கு எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் திருவருள் புரிவாராக.

சுபம்.

தர்மகர்த்தா சபை உறுப்பினர்,
ஹெவ்லொக் டவுன், கொழும்பு.